மாட்டுக்கு என்ன குறை?

பிரெஞ்சு மொழியில் இரண்டு சொற்கள் உண்டு: சுப்ளெமான், கொம்ப்ளெமான். தமிழில் இரண்டையும் ‘சேர்க்கை’ என்று சொல்லிவிடலாம். ஆனால் பொருள் வேறு. சுப்ளெமான் என்றால் ஏற்கெனவே முழுசாக இருப்பதன் மேல் இன்னும் கொஞ்சம் வைப்பது. ஓட்டலில் சாப்பாட்டுக்கு மேல் ஒரு ஆம்லெட் கேட்டால் அதற்குத் தனிக் காசு வாங்குவார்களே, அது. கொம்ப்ளெமான் என்றால் குறையாக இருப்பதை முழுசாக்குவது. புதுச்சேரியில் நான் படித்த பள்ளியில் எங்கள் ஆசிரியர் (நாங்கள் ‘முசே’ என்று கூப்பிடுவோம்) இந்த இரண்டையும் மாற்றி எழுதினால் சிவப்பு மையால் சுழித்துவிடுவார். 60 வருடம் கழித்து அந்தப் பாடம் ஒரு மாட்டுக் கொட்டகையில் உதவிக்கு வரும் என்று அவரும் நினைத்திருக்க மாட்டார், நானும் நினைக்கவில்லை.

புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு 73 வயது. புதுச்சேரி அரசில் எல்.டி.சி.யாகச் சேர்ந்து சூப்பரிண்டெண்டெண்டாக ஓய்வு பெற்றவன். இடையில் சில வருடங்கள் கால்நடைப் பிரிவில் தீவனக் கொள்முதல் கோப்புகளைப் பார்த்தேன். மாட்டைத் தொட்டதைவிட மாட்டுத் தீவனத்தின் ஒப்பந்தப்புள்ளிகளைத் தொட்டதுதான் அதிகம். இப்போது மகனோடு ஒரகடம் பக்கம் வாசம். காலையில் நடக்கப் போனால் ஒரு பக்கம் கன்டெய்னர் லாரிகள், இன்னொரு பக்கம் சாலை நடுவில் படுத்து அசைபோடும் மாடுகள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம், வல்லம் வடகால் வரைக்கும் இந்தக் காட்சிதான்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு தம்பி மாடு வைத்திருக்கிறார். பால் மாடு இல்லை. தொழிற்சாலை ஒன்றில் இருந்த ஒப்பந்த வேலை போன பிறகு அவர் பிடித்த தொழில் வேறு மாதிரி. பால்காரர்களிடம் பால் வற்றி, எலும்பு தெரிய நிற்கும் மாடுகளையும், எருமைகளையும், வளராத கிடேரிகளையும் மலிவாக வாங்குவார். சில மாதம் வைத்துத் தேற்றுவார். சினை நின்றது பால்காரரிடமே நல்ல விலைக்குத் திரும்பப் போகும். மற்றவை சந்தைக்குப் போகும். சந்தையில் தரகர் துண்டைப் போட்டு விரல் பிடித்து விலை பேசும்போது கண் பார்ப்பது ஒன்றைத்தான்: உடம்பில் எத்தனை சதை. நான் பார்க்கத் தொடங்கிய சமயம் அவரிடம் 14 உருப்படி இருந்தது.

இறைச்சிக்கென்றே மந்தை வளர்ப்பது பிரான்சில் பெரிய தொழில். ஷரோலே, லிமூசேன் என்று இறைச்சிக்கான மாட்டு இனங்களே அங்கு உண்டு. நம் பக்கம் அப்படி இல்லை. பால், ஏர், வண்டி எல்லாம் முடிந்த பிறகுதான் மாடு இறைச்சிக்குப் போகிறது. 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி அதற்கும் தகுதிச் சான்று வேண்டும். அதனால் கிலோக் கணக்கில் மாட்டை வளர்க்கும் வித்தை நமக்குப் பழக்கமில்லை. தம்பியின் தொழில்தான் அதற்குக் கொஞ்சம் கிட்ட வருகிறது. மாடு தேறினால் அவருக்குச் சோறு. தேறாவிட்டால் கடன்.

ஒருநாள் அவர் கையில் ஒரு பவுடர் டப்பாவோடு வந்தார். “சார், நீங்க ஆபீஸ்ல தீவனம் பாத்தவராச்சே. இதைப் பாருங்க. சுத்தமான இயற்கை சார், கெமிக்கலே கிடையாது. ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்கு அம்பது கிராம். மூணு மாசத்துல சதை பிடிக்கும்னு சொல்றாங்க.” டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். 14 மூலிகைகளின் பெயர்கள் இருந்தன. எது எவ்வளவு என்று இல்லை. புரதம் எத்தனை சதவீதம், கால்சியம் எவ்வளவு, பாஸ்பரஸ் எவ்வளவு, எந்தத் தேதியில் தயாரித்தது, எதுவும் இல்லை. விலை மட்டும் தெளிவாக இருந்தது. அந்த ஒரு கிலோ விலைக்கு எட்டு கிலோ கடலைப் புண்ணாக்கு வாங்கலாம்.

அலுவலகத்தில் ஒப்பந்தப்புள்ளி வந்தால் முதல் வேலை ஒப்பீட்டுப் பட்டியல் போடுவது. அதற்கும் முன்னால் ஒரு வேலை உண்டு: நமக்கு என்ன தேவை என்று குறிப்பு எழுதுவது. தேவை எழுதாமல் விலை ஒப்பிட்டால் கோப்பு திரும்பி வந்துவிடும். “தம்பி, பவுடர் இருக்கட்டும். உன் மாடு இப்போ என்ன தின்னுது, அதைச் சொல்” என்றேன்.

அவர் சொன்ன பட்டியல் இது. டெல்டாப் பக்கத்திலிருந்து லாரியில் வரும் வைக்கோல் கட்டு. ஒரு கேன்டீனில் மிஞ்சும் சோறு, சாம்பார் கழிவு, ட்ரம்மில் வரும். காலையில் அவிழ்த்து விட்டால் சாலையோரப் புல், ஏரிக்கரைப் புல், குப்பைத் தொட்டி. கையில் காசு இருந்தால் தவிடு. உப்பு? “சாம்பார்ல இருக்குமே சார்.” தண்ணீர், லாரித் தண்ணீர்.

இதில் என்ன குறை என்று பார்த்தோம். வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம்தான். மாட்டின் பெருவயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள்தான் நாரைச் செரிக்கின்றன. அவை வேலை செய்யவே தீவனத்தில் 7, 8 சதவீதம் புரதம் வேண்டும். அதற்குக் கீழே போனால் வயிறு நிறைந்திருக்கும், மாடு இளைத்துக்கொண்டே போகும். 300 கிலோ மாடு ஒரு நாளைக்குக் காய்ந்த கணக்கில் ஏழு கிலோ அளவுக்குத் தின்னும். ஏழு கிலோவும் வைக்கோலாக இருந்தால் அது பட்டினிக்குப் பக்கத்துவீடு.

சோறு நேர் எதிர். நாருக்குப் பதில் மாவு. வெறும் வயிற்றில் நிறையச் சோறு விழுந்தால் அது படுவேகமாகப் புளித்து அமிலமாகிறது. மாடு அசைபோடுவதை நிறுத்தும், வயிறு உப்பும், படுத்துவிடும். பொங்கல் முடிந்த மறுநாள் கால்நடை மருத்துவமனைகளில் கூட்டம் சேர்வது இதனால்தான். அன்போடு வைத்த பொங்கலே மாட்டைக் கொன்றுவிடும். பச்சரிசி, வெல்லம், நெய். எல்லாம் இயற்கைதான்.

மூன்றாவது குறை கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டு மாடுகள் சுவரை நக்கின. ஒன்று கயிற்றையும் கோணிச் சாக்கையும் மென்றுகொண்டிருந்தது. ஊரில் ‘கண்டதைத் தின்னும் மாடு’ என்று திட்டுவார்கள். பாஸ்பரஸும் உப்பும் குறைந்த மாடு அப்படித்தான் தேடும். வைக்கோலில் பாஸ்பரஸ் மிகக் குறைவு.

இந்தப் பாஸ்பரஸ் விஷயத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. தென்னாப்பிரிக்காவில் 1920 வாக்கில் ஒரு வறண்ட மேய்ச்சல் பகுதியில் இறைச்சி மாடுகள் கால் விளங்காமல் விழுந்து செத்தன. ஆர்னால்ட் தைலர் என்ற கால்நடை மருத்துவ அறிஞர் காரணத்தைக் கண்டுபிடித்தார். அந்த மண்ணில் பாஸ்பரஸ் இல்லை, அதனால் புல்லிலும் இல்லை. மாடுகள் செத்த விலங்குகளின் எலும்பைத் தேடிக் கடித்தன. எலும்பில் ஒட்டியிருந்த அழுகலில் இருந்த நச்சு அவற்றைக் கொன்றது. எலும்புத்தூளைச் சுத்தமாக அரைத்துக் கொடுத்ததும் சாவு நின்றது, எடையும் கூடியது. குறை என்ன என்று பார்த்து, அதை மட்டும் நிறைத்தார். முசே இருந்திருந்தால் ‘இதுதான் கொம்ப்ளெமான்’ என்றிருப்பார்.

ஆனால் எலும்பின் கதை அங்கே முடியவில்லை. ஐரோப்பாவில் இறைச்சி, எலும்புக் கழிவை அரைத்து மலிவுப் புரதமாக மாட்டுக்கே கொடுத்தார்கள். 1986-இல் இங்கிலாந்தில் பைத்திய மாட்டு நோய் கண்டறியப்பட்டது. 1988-இல் அங்கு அசைபோடும் விலங்குகளுக்கு அந்தத் தூளைக் கொடுக்கத் தடை வந்தது. பிரான்சில் 2000 நவம்பரில் எல்லாக் கால்நடைகளுக்கும் நிறுத்தினார்கள். அந்த நாட்களில் ‘வாஷ் ஃபோல்’ என்ற சொல் இல்லாமல் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகைகூட வந்ததில்லை. ஒரே பொருள்தான். ஒரு நாட்டில் மந்தையைக் காப்பாற்றியது, இன்னொரு நாட்டில் மந்தையை எரிக்க வைத்தது. எலும்பும் இயற்கைதான்.

‘இயற்கை’ என்ற சொல்லை நான் மதிக்காதவன் இல்லை. ஆனால் கொள்முதல் குறிப்பில் அந்தச் சொல்லுக்கு நேரே எண் எதுவும் எழுத முடியாது. யூரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1773-இல் ரூயேல் என்ற பிரெஞ்சு வேதியியலர் சிறுநீரில் கண்டெடுத்த பொருள் அது. 1828-இல் வோலர் என்ற ஜெர்மானியர் அதையே ஆய்வகத்தில் செய்து காட்டினார். இரண்டும் ஒன்றேதான். மாட்டின் எச்சிலிலேயே யூரியா இருக்கிறது. இரத்தத்திலிருந்து எச்சில் வழியாக அது பெருவயிற்றுக்குத் திரும்பிப் போய் நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி, மூன்று வாரம் வைத்துக் கொடுக்கும் முறை பல பத்தாண்டுகளாக நம் நாட்டில் சொல்லித்தரப்படுகிறது. “கெமிக்கல் வேணாம் சார்” என்றார் தம்பி. சரி என்றேன். ஆனால் என் காரணம் வேறு. அவர் கொட்டகையில் அளந்து போட ஆளில்லை. அளவு தப்பினால் யூரியா மாட்டைக் கொன்றுவிடும். கன்றுக்குட்டிகளுக்குக் கொடுக்கவே கூடாது. வேண்டாம் என்பதற்கு அந்தக் காரணம் போதும்.

பிறகு ஒப்பீட்டுப் பட்டியல் போட உட்கார்ந்தோம். இந்தப் பகுதியில் கைக்குக் கிடைப்பவை மட்டும்.

முதலில் அசோலா. கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரம் மாட்டுத் தீவனமாகப் பரப்பிய பச்சைப் பாசி போன்ற செடி. யூடியூப் பார்த்துவிட்டுத் தம்பிக்கு அதில் ஆசை. காய்ந்த எடையில் கால் பங்கு புரதம் என்பது உண்மை. ஆனால் பச்சை அசோலாவில் நூற்றுக்கு 93, 94 பங்கு தண்ணீர். ஒரு கிலோவை உலர்த்தினால் 60 கிராம்தான் மிஞ்சும். அதில் புரதம் 15 கிராம். ஒரு கிலோ கடலைப் புண்ணாக்கில் 400 கிராமுக்குக் குறையாது. அதாவது ஒரு கிலோ புண்ணாக்குக்கு 27 கிலோ அசோலா. வீட்டில் கிணறும் மர நிழலும் இருந்தால் போடலாம், செலவில்லை. தண்ணீரை லாரியில் வாங்குகிறவர் தொட்டி கட்டி அசோலா வளர்ப்பது கணக்குக்கு வரவில்லை.

அடுத்தது புண்ணாக்கு. இதில் எனக்குச் சொந்த ஊர்ப் பாசம் உண்டு. எங்கள் பக்கம் நிலக்கடலையை மல்லாட்டை என்போம். மணிலாக்கொட்டை என்பது அப்படித் திரிந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னார்க்காட்டு மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாக மார்செய் நகரத்துக்குப் போனது. எண்ணெய் சோப்புக்கும் சமையலுக்கும். பிழிந்த பிறகு மிஞ்சிய சக்கை, அவர்கள் சொல்லும் ‘தூர்த்தோ’, அங்குள்ள மாடுகளுக்கு. கொட்டையாகவே அனுப்பியதால் புண்ணாக்கும் அங்கேயே தங்கிவிட்டது. எங்கள் செம்மண்ணின் சத்து பிரெஞ்சு மாட்டுக்குச் சதையானது, எங்கள் மாட்டுக்கு வைக்கோல். பள்ளியில் ஏற்றுமதி என்று படித்தோம். அதைத் தீவனக் கணக்காகப் பார்க்க எனக்கு இந்த வயதாகிவிட்டது.

புண்ணாக்கிலும் எச்சரிக்கை வேண்டும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேல் வான்கோழிகள் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை பிடித்திருந்தது. அந்தப் பூஞ்சையின் நச்சுக்குத்தான் அப்லாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சைப் பெயரின் சுருக்கம் அது. வளர்ந்த மாடு வான்கோழியைவிடத் தாங்கும். ஆனால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் ஈரல் கெட்டு, தின்றது உடம்பில் ஒட்டாது. பால் மாடானால் பாலிலும் இறங்கும். நம் பக்கத்து ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் சிமெண்டுத் தரையில் அடுக்கிய மூட்டைக்கு அடியில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மூட்டையைப் பலகை மேல் வைக்க வேண்டும், சுவரைத் தொடக் கூடாது, ஒரு மாதத் தேவைக்கு மேல் வாங்கக் கூடாது, மக்கிய வாடை வந்தால் ‘கழுவிப் போடலாம்’ என்று நினைக்கக் கூடாது. கழுவினால் நச்சு போகாது. சந்தேகம் என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது.

மூன்றாவது தவிடு. இதில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. நான்காவது மரத்தழை: அகத்தி, கிளைரிசிடியா, சூபாபுல். இவற்றில் புரதமும் கால்சியமும் நன்றாக உண்டு, பாஸ்பரஸ் குறைவு. பார்த்தீர்களா, தவிட்டில் இல்லாதது தழையில், தழையில் இல்லாதது தவிட்டில். பழைய ஆட்கள் ஒரு கை தவிடும் ஒரு கட்டு அகத்தியும் வைத்தது கால்சியம், பாஸ்பரஸ் கணக்குப் போட்டா? மாட்டைப் பார்த்தே பழகியிருப்பார்கள்.

சூபாபுலில் மட்டும் ஒரு வில்லங்கம். அதில் மைமோசின் என்ற நச்சு உண்டு. அதிகம் தின்றால் முடி கொட்டும், தைராய்டு வீங்கும், எடை குறையும். ஆஸ்திரேலியாவில் இறைச்சி மந்தைகளுக்கு இந்த மரத்தைப் பெரிய அளவில் நட்டபோது மாடுகள் நோய்வாய்ப்பட்டன. ஹவாய்த் தீவில் அதையே தின்ற ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற விஞ்ஞானி அந்த ஆடுகளின் வயிற்றில் நச்சை முறிக்கும் நுண்ணுயிர் இருப்பதை அறிந்து, அதை ஆஸ்திரேலிய மாடுகளின் வயிற்றுக்குக் கொண்டுபோனார். 1992-இல் அந்த நுண்ணுயிருக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். எனக்கு மிகவும் பிடித்த கதை. தம்பிக்குச் சொன்னது இவ்வளவுதான்: சூபாபுல் மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

சாலையோரம் எங்கும் சீமைக் கருவேலம். அதன் பழுத்த நெற்று இனிப்பு, மாடு விரும்பும். கொங்குப் பக்கம் காங்கேயம் மாடுகள் மேயும் கொறங்காட்டில் வெள்வேல மரத்தின் நெற்றுதான் கோடைக்குக் கைகொடுக்கும். கிளுவை வேலி, கொழுக்கட்டைப் புல், நடுவே வெள்வேல். அந்த மேய்ச்சல் நிலத்திலேயே தீவனமும் சேர்க்கையும் சேர்ந்திருக்கும். நமக்கு அந்த நிலம் இல்லை. சீமைக் கருவேல நெற்றையாவது காயவைத்து இடித்துக் கொடுக்கலாம். முழுசாகக் கொடுத்தால் விதை சாணத்தோடு வந்து இன்னும் பத்து இடத்தில் முளைக்கும். அதுவே தீவனமாகவும் போய்விடக் கூடாது, வயிறு கட்டிக்கொள்ளும்.

கடைசியாக உப்பு, தாது உப்புக் கலவை. துத்தநாகம், தாமிரம் போன்ற நுண்சத்துகளை இலையிலும் தவிட்டிலும் நம்பி உட்கார முடியாது. வளர்ந்த மாட்டுக்கு நாளைக்கு 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவை, ஒரு கை சாதா உப்பு. பட்டியலில் விலை குறைந்த வரி இதுதான். தம்பியின் மாடுகளுக்கு அவசரமாகத் தேவைப்பட்டதும் இதுதான்.

மூலிகைக்கு இடமே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, மருந்தாக. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த புண்ணியமூர்த்தி மடிநோய்க்குச் சொன்ன முறை நாடெங்கும் போயிருக்கிறது: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம், அரைத்து மடியில் பூசுவது. என்ன நோய், என்ன பொருள், எத்தனை கிராம் என்று மூன்றும் அதில் இருக்கின்றன. அந்த டப்பாவில் மூன்றுமே இல்லை.

இன்னொன்றும் தம்பி கேட்டார், கடற்பாசி. செய்தியில் பார்த்திருக்கிறார். 2021-இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் இறைச்சி மாடுகளுக்கு ஒருவகைச் சிவப்புப் பாசியைச் சிறிதளவு கொடுத்து, ஏப்பத்தில் வரும் மீத்தேனை 80 சதவீதத்துக்கு மேல் குறைத்ததாக வெளியிட்டார்கள். பெங்களூரில் நம் தேசியக் கால்நடை ஊட்டச்சத்து நிறுவனமும் ‘ஹரித் தாரா’ என்று ஒன்றைத் தயாரித்தது. டானின் உள்ள தாவரங்களிலிருந்து செய்தது, 17 முதல் 20 சதவீதம் குறைக்கும் என்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் அது வயிறு நிறைந்த மாட்டுக்கான பேச்சு. வைக்கோலும் சோறும் தின்று இளைத்துக்கொண்டிருக்கும் மாட்டுக்குப் புரதமும் உப்பும் கொடுத்தாலே ஒரு கிலோ சதைக்கு ஆகும் மீத்தேன் குறைந்துவிடும்.

தம்பி என் பேச்சை மட்டும் நம்பவில்லை, அது நல்லதுதான். காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன, இங்கிருந்து பைக்கில் போய்வரும் தூரம். அங்கே கேட்டுவிட்டு வந்து அவரே முடிவு செய்தார். காலையில் முதலில் வைக்கோல், அப்புறம்தான் சோறு, அதுவும் பழைய அளவில் கால் பங்கு. புண்ணாக்கும் தவிடும் உப்பும் கலந்து இரண்டு வேளை. அகத்தியோ கிளைரிசிடியாவோ கிடைத்த அளவு. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாமல் இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக. பவுடர் டப்பா திரும்பிப் போனது.

நான் செய்தது நோட்டுப் போட்டுக் கொடுத்ததுதான். எடைமேடை இல்லாத இடத்தில் தையல்காரர் டேப் போதும். மார்புச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து அதை அதாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பின்புட்டத்து எலும்பு வரை உள்ள நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ வரும். சுற்றளவு 58, நீளம் 50 இருந்த ஒரு சிவப்பு மாடு 255 கிலோ. மூன்று மாதத்தில் சுற்றளவு 61 ஆனது, 282 கிலோ. நாளைக்கு 300 கிராம். ஷரோலே மாட்டுக்காரர் சிரிப்பார். தம்பிக்கு அது வட்டி கட்டப் போதுமானதாக இருந்தது. சுவர் நக்குவதும் நின்றது.

ஒரு மாடு மட்டும் தேறவே இல்லை. சாக்கு மென்றதே, அதுதான். புண்ணாக்கு வைத்தால் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். வயிறு மட்டும் பெருத்தே இருந்தது. மருத்துவர் கையால் அழுத்திப் பார்த்து, உள்ளே பிளாஸ்டிக்காக இருக்கும் என்றார். அறுவைக்கு ஏற்பாடு செய்வதற்குள் செத்துவிட்டது. அறுத்துப் பார்த்ததில் பால் கவர், கேரி பேக், கயிறு, எல்லாம் ஒரே பந்தாக. 2019 அக்டோபரில் வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்துக் காப்பாற்றினார்கள் என்று படித்திருக்கிறேன். இந்த மாட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தம்பி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அது அவர் வாங்கிய முதல் மாடுகளில் ஒன்று.

உப்பு தேடிய மாடு குப்பையைத் தின்றது. புல் இருந்த இடத்தில் புல் இருந்திருந்தால் குப்பைத் தொட்டிவரைக்கும் போயிருக்காது. மேய்ச்சல் புறம்போக்கு என்று வருவாய்ப் பதிவேட்டில் ஒரு வகை உண்டு. ஊருக்கு ஊர் மாட்டுக்கென்று விட்ட நிலம். இங்கே அப்படி இருந்த இடங்களில் பலவற்றுக்கு இப்போது மதில் சுவரும் கேமராவும் இருக்கின்றன. தொழிற்சாலை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், என் வீட்டு அடுப்பே ஒரு தொழிற்சாலைச் சம்பளத்தில்தான் எரிகிறது. ஆனால் கணக்கு எழுதும்போது எல்லா வரியையும் எழுத வேண்டும். இந்தப் பகுதி மாட்டுக்கு முதல் குறை நிலம். மற்றதெல்லாம் அதற்கு அடுத்த வரிகள்.

இப்போது தம்பி மாட்டை அவிழ்த்து விடுவதில்லை. பக்கத்தில் காலியாகக் கிடந்த ஒரு மனையை உரிமையாளரிடம் கேட்டு வாங்கி, பாதியில் கம்பு நேப்பியர் புல்லும் வேலி ஓரம் முழுக்க அகத்தியும் வைத்திருக்கிறார். மாட்டு மூத்திரமும் கழுவின தண்ணீரும் அங்கேதான் பாய்கிறது. அகத்தி இப்போது ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது, தினம் ஒரு கட்டு ஒடிக்கலாம். மனைக்காரர் வரும் தை மாதம் வீடு கட்ட ஆரம்பிக்கப் போவதாகச் சொல்லிவிட்டார். அதற்குள் இன்னொரு இடம் பார்க்க வேண்டும் என்று இருவரும் சாயங்காலங்களில் நடந்துகொண்டிருக்கிறோம்.